நானூற்றுப் பன்னிரண்டாம் எண் செடி

திண்டுக்கல்
2.9.2024

திரு. மணிமாறன் அவர்களுக்கு,

அல்போன்சா எழுதுகிறேன். பிராங்கிளினின் அக்கா. உங்கள் எண்ணை என் கைபேசியில் தடுத்து வைத்திருக்கிறேன். அதை மாற்றும் எண்ணம் இல்லை. அதனால் வடக்கே மலையில் அவனும் நீங்களும் சேர்ந்து வேலை பார்த்த செடி ஆய்வு நிலையத்தின் முகவரிக்குத் தபாலில் எழுதுகிறேன். போன வருடம் நீங்கள் அனுப்பிய இரண்டு கடிதங்களையும் பிரிக்கவில்லை. கிழிக்கவும் இல்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

என் மகள் பிரிஸ்கில்லா நேற்று மதியம் மாமாவின் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாம்மா, நம்மகிட்ட இல்லாத போட்டோ ஏதாச்சும் கெடைக்குமான்னு பாத்தேன்" என்றாள். அவன் படம் கிடைக்கவில்லை. உங்கள் நிலையத்தின் ஹெர்பேரியம் என்கிற உலர்செடிக் காப்பகத்தில் உள்ள ஒரு தாளின் படம் கிடைத்தது. வெள்ளை அட்டையில் ஒரு காய்ந்த செடியை ஒட்டியிருக்கிறீர்கள். தண்டு ஒரு சாண் இருக்கும். தையல் ஊசி மாதிரி மெல்லிய காய்கள். வலது கீழ் மூலையில் ஒரு லேபிள். கடுகுக் குடும்பம், இனம் தெரியவில்லை. ஓக் மரக்காடு. சேகரித்தவர் எம். பிராங்கிளின். எண் 412. தேதி 17 ஏப்ரல் 2023.

நான் மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக எழுத்தர். தேதி பார்ப்பதுதான் என் வேலை. இந்தத் தேதியைப் பார்த்தபின் அலுவலகத்தில் மற்றவர்களின் தேதிகளைப் பார்க்க முடியவில்லை.

என் தம்பியின் இறப்புச் சான்றிதழில் 14 ஏப்ரல் 2023 என்று இருக்கிறது. உடல் கிடைத்தது பதினெட்டாம் தேதி. இங்கே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தது இருபத்தொன்றாம் தேதி. பதினான்காம் தேதி பிற்பகல் பள்ளத்தில் விழுந்தான், விழுந்த கணமே உயிர் போய்விட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துத்தான் அங்கே எழுதினார்கள். வேறு சாட்சி இல்லை.

பதினான்காம் தேதி இறந்தவன் பதினேழாம் தேதி எப்படிச் செடி பறித்தான்?

என் தம்பி மூன்று நாள் அங்கே உயிரோடு கிடந்தானா? இதற்கு மட்டும் பதில் வேண்டும். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. "விழுந்ததும் போயிட்டான், வலி தெரிஞ்சிருக்காது" என்பது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறார். அதுவும் பொய் என்றால் எனக்கு முதலில் தெரிய வேண்டும்.

எம். அல்போன்சா


அல்மோரா
16.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் பிரிக்கப் பயமாக இருந்தது. பிராங்குக்கு நீங்கள் அனுப்பும் செய்தித்தாள் கட்டுகளின் மேல் இதே கையெழுத்துதான் இருக்கும். செடிகளை நடுவில் வைத்து அழுத்துவதற்குத் தமிழ்த் தாள்தான் வேண்டும் என்பான். "இந்திக்காரன் தாளு ஈரத்த இழுக்காதுடா" என்று சும்மா சொல்வான். ஊர்ச் செய்தி படிக்கத்தான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அது எழுத்துப் பிழை அக்கா. பறித்த செடியைத் தாளுக்குள் வைத்துக் கட்டினால் தினமும் ஈரத்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். மாற்றுகிற அன்று சிலசமயம் தாளின் ஓரத்தில் தேதி குறிப்போம். பதினேழாம் தேதி நான் தாள் மாற்றினேன். லேபிள் அடித்தவர்கள் அதைப் பறித்த தேதி என்று எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் வேலையில் இது அடிக்கடி நடக்கிற தவறு. நிலையத்தில் சொல்லித் தேதியை 14 என்று திருத்திவிடுகிறேன். ஒரு வாரத்தில் மாறிவிடும். நீங்கள் இனி அதைப் பார்க்க வேண்டாம்.

அப்பாவுக்குக் கண் சிகிச்சை ஏதாவது செய்கிறீர்களா? நான் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டுவிட்டேன்.

மணிமாறன்


திண்டுக்கல்
8.10.2024

மணிமாறன்,

தேதியைத் திருத்தாதே. திருத்தினால் திருத்துவதற்கு முன் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது.

நான் திருத்தம் கேட்கவில்லை. கேட்காதவருக்குத் திருத்தம் செய்து தருகிறேன் என்கிறவரைத்தான் எங்கள் அலுவலகத்தில் இரண்டாம் முறை விசாரிப்போம். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பொய்த் தேதி பார்த்திருக்கிறேன். பள்ளியில் சேர்க்கப் பிள்ளை வயதைக் கூட்டுவார்கள். காப்பீட்டுக்காகச் சாவைத் தள்ளிப் போடுவார்கள். பொய்த் தேதி எப்போதும் யாருக்காவது ஒரு லாபத்தைப் பார்த்து நிற்கும். பதினேழாம் தேதியால் யாருக்கும் லாபமில்லை. லாபமில்லாத தேதி பெரும்பாலும் உண்மையானது.

சனிக்கிழமை நான் எரியோட்டுக்குப் போனேன். உன் அம்மாவைப் பார்க்க.

பழனியம்மாள் என்னை எதிர்பார்க்கவில்லை. தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்து நான் உன்னிடம் சொன்னது உன் அம்மா காதில் விழுந்திருக்கிறது. "ரெண்டு பேராப் போயி ஒத்தையா வந்து நிக்கிறியே" என்று நான் கேட்டதை அவர்கள் அப்படியே என்னிடம் திருப்பிச் சொன்னார்கள். சண்டைக்குச் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு நீ ஊருக்கு வந்து இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை என்பதைச் சொல்ல வந்தார்கள்.

"அம்புட்டுத் தூரத்துல அப்படி என்னதான் பறிக்கிறாய்ங்க ரெண்டு பேரும், கேட்டா கடுகுங்குறான். கடுகு இங்க கடையில இல்லையாம்மா?" என்றார்கள். எங்கள் அப்பாவும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்துக் கொடுத்துப் படிக்க வைத்தேன், இவன் கடுகு பொறுக்கப் போகிறான் என்பார். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

அப்புறம் உன் அம்மா சொன்னது இது. நான் கேட்காமலே சொன்னார்கள்.

"போன தீபாவளிக்கு வந்தப்ப ஒரு பச்ச நோட்ட வச்சுக்கிட்டுச் செத்த நேரம் பாப்பான், மூடிருவான். சோறு வச்சது வச்சபடி கெடக்கும். என்னலே அதுன்னா, பிராங்கு நோட்டும்மாங்குறான். நீ ஏன்டா வச்சிருக்க, அவங்க வீட்டுல கொண்டுபோய்க் குடுடான்னேன். எந்திரிச்சுப் போயிட்டான்."

பிராங்கிளினின் பொருள்கள் என்று நீ கொண்டுவந்து கொடுத்த பையில் துணி, கைக்கடிகாரம், ஜெபமாலை, பணப்பை இருந்தன. நோட்டு இல்லை. எனக்கு அந்தப் பச்சை நோட்டைத் தெரியும். லேபிள் ஆங்கிலத்தில் இருந்தாலும் நோட்டை மட்டும் அவன் தமிழில்தான் எழுதுவான். எங்கே போனாலும் சட்டைப் பையில் இருக்கும்.

அது அவன் உடம்பில் இருந்ததா? நீ எடுத்தாயா?

அதில் என்ன இருக்கிறது?

அல்போன்சா


அல்மோரா
27.10.2024

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இந்த முறை எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தாள் மாற்றிய கதை பொய். மன்னிப்புக் கேட்க இது இடமில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஏப்ரல் பதினான்கு சித்திரை ஒன்றாம் தேதி. காலையில் பிராங்க் உங்களுடன் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். சிக்னலுக்காக, காட்டில் நாங்கள் போட்டிருந்த கூடாரத்திலிருந்து அரை மணி நேரம் நடந்து போய்ப் பேசிவிட்டு வந்தான். அதற்கு முந்தின நாள் கூடாரத்துக்கு மேலே, ஓக் காட்டின் உச்சிப் பகுதியில், ஒரு சின்னச் செடியைப் பூவோடு எடுத்திருந்தோம். நான்கு வெள்ளை இதழ், கடுகுப் பூவின் அமைப்பு. அதற்கு அவன் எண் 411. எங்கள் இருவருக்கும் அது என்ன செடி என்று தெரியவில்லை. பழைய தாள்களில் நாங்கள் பார்த்த எதனோடும் பொருந்தவில்லை.

கடுகுக் குடும்பத்தில் பூவை வைத்து எதையும் சொல்ல முடியாது அக்கா. எல்லாப் பூவும் ஒன்றுபோல இருக்கும். காயும் விதையும் வேண்டும். அன்று மதியம் சாப்பிடும்போது நான் சொன்னேன்: "காய் இல்லாமக் கொண்டுபோனா இது வெறும் புல்லுடா. ஒருத்தனும் ஏத்துக்க மாட்டான்." அவன் "அப்ப காயோட வாரேன், இருலே" என்று எழுந்தான். தனியாக யாரும் காட்டுக்குள் போகக் கூடாது என்பது எங்கள் விதி. அன்று தாள் மாற்றாமல் எழுபது செடி ஈரத்தில் கிடந்தது. யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். "ஒரு மணி நேரந்தான்" என்றான். நான் இருந்துவிட்டேன். கல்லறை வாசலில் நீங்கள் கேட்டது சரி. ஆனால் நீங்கள் எதைக் கேட்டீர்களோ அதைவிட நான் செய்தது பெரிது.

அவன் திரும்பவில்லை. இருட்டும் வரை கூப்பிட்டேன். மறுநாள் காலையில் கிராமத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். காட்டை அறிந்தவர்கள். எந்தப் பக்கம் போனான் என்று கேட்டார்கள். நான் மேலே கை காட்டினேன்.

அதைச் செய்தது நான். அந்தக் கை என்னுடையது.

அவன் எந்தப் பக்கம் போனான் என்று நான் பார்க்கவில்லை. தாளுக்குள் குனிந்திருந்தேன். பூ இருந்த இடம் மேலே, அதனால் மேலேதான் போயிருப்பான் என்று நினைத்தேன். அவன் பூவைத் தேடிப் போகவில்லை. காயைத் தேடிப் போனான். மலையில் வசந்தம் கீழேயிருந்து மேலே ஏறும். உச்சியில் பூ இருக்கும்போது அதே செடி கீழே, வெப்பமான பள்ளத்தில், ஏற்கெனவே காய்த்திருக்கும். முதல் வருட மாணவனுக்குத் தெரியும். பிராங்குக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். பதினைந்து, பதினாறு இரண்டு நாளும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. பன்னிரண்டு பேரை மேலே அனுப்பிக்கொண்டே இருந்தேன். அவர்களில் ஒருவர், ஆடு மேய்க்கும் பெரியவர், கீழேயும் பார்க்கலாமே என்றார். நான்தான் வேண்டாம், எனக்குத் தெரியும் என்றேன்.

பதினேழாம் தேதி தண்ணீர் எடுக்க ஓடைப் பக்கம் கொஞ்சம் இறங்கினேன். பாறை இடுக்கில் அந்தச் செடி நின்றது. காயோடு. அப்போதுதான் புரிந்தது.

கத்தியிருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். நான் செய்தது, உட்கார்ந்து அந்தச் செடியை வேரோடு எடுத்துத் தாளுக்குள் வைத்து, ஓரத்தில் "பிராங்க் 412" என்று தேதியோடு எழுதியது. இரண்டு நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகுதான் ஓடினேன். இதை எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று தெரியவில்லை. கண்டுபிடித்ததும் காட்டலாம் என்று நினைத்தேன். "ஏலே, ஒன் காயி இங்க இருக்கு" என்று. ஒவ்வொருவர் எண்ணும் அவரவர் முதல் செடியிலிருந்து சாகும்வரை வரிசையாகப் போகும். இறந்தவனுக்கு யாரும் அடுத்த எண் போட மாட்டார்கள். உயிரோடு இருக்கிறான் என்றுதான் போட்டேன். அந்தத் தாள் மற்ற செடிகளின் கட்டோடு நிலையத்துக்குப் போய், அப்படியே லேபிள் ஆகிவிட்டது.

அன்று முழுக்கக் கீழே தேடினோம். பதினெட்டாம் தேதி காலையில் கயிறு கட்டி இறங்கியவர்கள் கண்டார்கள். கூடாரத்திலிருந்து நாற்பது நிமிட நடை. ஓக் இலை உதிரும் மாதம் அது. சருகு முழங்கால் அளவு, அடியில் பாறை இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று தெரியாது. வழுக்கியிருக்கிறான். இடுப்பெலும்பும் காலும் உடைந்திருந்தன.

நோட்டு சட்டைப் பையில் இருந்தது. நான் எடுத்தேன். காவலர்கள் புரட்டிப் பார்த்துவிட்டுத் தமிழ் தெரியாமல் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். செடிகளின் பட்டியல் என்றேன். அது பொய்யில்லை.

அதில் அவனே 412 போட்டிருக்கிறான் அக்கா. அதே செடி. காயோடு நோட்டின் தாள்களுக்கு நடுவில் வைத்திருக்கிறான். தேதி ஏப்ரல் பதினைந்து, காலை.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். மூன்று நாளா என்று எனக்குத் தெரியாது. ஓர் இரவு நிச்சயம். பதினைந்தாம் தேதி காலை நான் கீழே கை காட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். டாக்டர்களிடம் பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

நோட்டை நாளை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தாள்களுக்கு நடுவில் செடி இருக்கிறது, பார்த்துப் புரட்டுங்கள். என் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்கலாமா தெரியவில்லை. உங்கள் விருப்பம்.

மணிமாறன்


திண்டுக்கல்
11.11.2024

நோட்டு வந்தது. படித்தேன்.

அப்பாவுக்குச் சொல்லவில்லை. தபால்காரர் வந்து போனதும், யாரிடமிருந்து என்று அப்பா கேட்டார். அலுவலகத் தபால் என்றேன்.

நானாக எழுதும்வரை எழுத வேண்டாம்.

அ.


அல்மோரா
20.1.2025

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுபது நாள் இருந்தேன். இப்போது எழுதுவது அலுவலக விஷயம், அதை உங்களிடம் கேட்காமல் செய்ய எனக்கு உரிமை இல்லை.

நிலையத்தின் இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்போது வாக்குமூலம் வாங்கிய காவல் நிலையத்துக்கும் போய், பழையது தவறு என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். நகல் வைத்திருக்கிறேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. எது செய்தாலும் சரி.

பதினேழாம் தேதித் தாளிலிருந்து பிராங்கின் பெயரை எடுத்துவிட்டோம். அது என் சேகரிப்பு, என் எண்ணில் இருக்கும். நோட்டில் அவன் வைத்த செடிதான் உண்மையான 412. நீங்கள் அதை அனுப்பினால் ஒட்டி, லேபிள் அடிப்போம். அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வதானாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் காயும் விதையும் இல்லாமல் 411க்குப் பெயர் சொல்ல முடியாது. என்னுடைய தாளை வைத்தும் பார்க்கலாம்தான். அவனுடையதில் விதை நன்றாக முற்றியிருக்கிறது.

லேபிளில் நோட்டில் உள்ளதை உள்ளபடி அடிக்க வேண்டும் என்பது விதி. அதில்தான் உங்கள் அனுமதி வேண்டும். கடைசி வரியில் என் பெயரை எழுதியிருக்கிறான். நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் அங்கே இல்லை. எல்லோரையும்விட உங்களுக்கு அது தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுகிறேன். இல்லாத ஆளை இருந்ததாகப் பதிவில் வைக்கக் கூடாது.

சரி என்று ஒரு அஞ்சலட்டை போட்டால் போதும்.

மணிமாறன்


திண்டுக்கல்
10.2.2025

மணி,

செடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நோட்டை அனுப்பவில்லை, அது வீட்டில் இருக்கும். எழுத்து உள்ள பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். செடியை நான் தொடவில்லை. அது ஒட்டியிருந்த தாளோடு இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன். ஒரு காய் வெடித்து நான்கு விதை தாளில் கிடந்தது. அவற்றைத் தனிக் காகிதத்தில் மடித்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்.

உன் புதிய வாக்குமூலத்தின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். இறப்புச் சான்றிதழைத் திருத்த அங்குள்ள பதிவாளருக்கு மனு எழுதியிருக்கிறேன். இறந்த இடத்தில்தான் திருத்த முடியும், திண்டுக்கல்லில் நான் செய்ய முடியாது. எந்தத் தேதி என்று கேட்பார்கள். பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடையில் என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. என்னிடம் யாராவது இப்படி ஒரு மனுவைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து அப்பாவுக்குக் காப்பி கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாதமாக ஒத்திப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தில் இருந்ததை மறைக்காமல் சொன்னேன், நீ மேலே கை காட்டியது உட்பட. உனக்காக எதையும் மென்மையாக்கவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். காப்பி ஆறிப்போனது. அப்புறம், "ஒரு நா பூரா கெடந்திருக்கானா?" என்று கேட்டார். ஒரு நாளாவது என்றேன்.

"தண்ணி இருந்துச்சா அங்க?"

அதை நான் யோசித்ததே இல்லை. இந்த மூன்று மாதத்தில் வலியை யோசித்தேன், குளிரை யோசித்தேன், மிருகத்தை யோசித்தேன். தாகத்தை யோசிக்கவில்லை. நோட்டை எடுத்து வந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். உனக்கு மனப்பாடமாக இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், லேபிள் அடிக்கும்போது ஒரு சொல்லும் மாறக் கூடாது.

"412. செடி 411தான். காய் முற்றியது, விதை பழுப்பு. ஓக் காடு, ஆழமான பள்ளம், ஓடை ஓரம், பாறை இடுக்கு. தண்ணீர் ஓடுகிறது, நல்ல தண்ணீர். பகலில் நிழல். கை எட்டும் தூரத்தில் பதினொரு செடிகள், ஒன்றை மட்டும் எடுத்தேன். இடத்தின் உயரம் தெரியவில்லை, அளக்கும் கருவி மேலேயே விழுந்துவிட்டது. 15 ஏப்ரல் 2023, காலை."

எங்களுக்கு ஒரு வரி இல்லை. முதலில் படித்தபோது அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. எழுதத் தெம்பு இருந்திருக்கிறது, அதைச் செடிக்குச் செலவழித்திருக்கிறான். தனக்கு என்ன ஆனது என்றுகூட எழுதவில்லை. எழுத்து மட்டும் கோடு விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. நேற்று சத்தமாகப் படித்தபோது வேறு மாதிரி இருந்தது. மறுநாள் யாரோ வந்து கேட்பார்கள், பதில் தயாராக இருக்க வேண்டும் என்று எழுதியவன் எழுத்து மாதிரி இருந்தது.

"நல்ல தண்ணின்னா எழுதிருக்கான்?" என்றார் அப்பா. ஆமாம் என்றேன். "அப்பச் சரி" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அடக்கத்தன்று அழாத மனுஷன்.

துண்டை எடுத்துவிட்டு, "மிச்சத்தப் படி" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ, நான் கடைசி வரியை விட்டுவிட்டுப் படித்திருந்தேன்.

படித்தேன். "உடன்: மணிமாறன்."

"அந்தப் பய அங்க இருந்தானா?"

"இல்லப்பா. அவன் கூடாரத்துல இருந்தான். பழக்கத்துல எழுதிட்டான் போல. எல்லாச் செடிக்கும் அப்படித்தான் எழுதுவாய்ங்களாம்."

"பழக்கந்தான்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். வந்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்து எழுதினானா, நீ வந்தபிறகு சேர்த்து எழுத வேண்டியிருக்குமே என்று முன்கூட்டியே எழுதினானா, ஒன்றும் தெரியாது. நீயும் நானும் எத்தனை முறை படித்தாலும் தெரியப்போவதில்லை.

அந்த வரியை எடுத்துவிட நீ அனுமதி கேட்டிருப்பதை அப்பாவிடம் சொன்னேன். என் முடிவு எடுத்துவிடலாம் என்பதுதான். பொய்ப் பதிவு எதுவானாலும் எனக்கு ஒவ்வாது. அது மட்டும் காரணமில்லை. அவன் பெயருக்குக் கீழே உன் பெயர் இருப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் மனமில்லை. "சரி" என்று எழுத அஞ்சலட்டையும் வாங்கி வைத்திருந்தேன்.

அப்பா சொன்னார்: "எழுதினது அவன். நீயும் நானும் யாரு அழிக்க?"

அந்த வரியை எடுக்க வேண்டாம்.

அல்போன்சா